முதலில் கேட்டவரின் கடமை

தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையை ஒரு குழந்தை பள்ளியில் யாரிடமாவது சொல்லிவிட்டால், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. 2012 நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. வகுப்பாசிரியர், பி.டி. மாஸ்டர், ஆயா, வேன் டிரைவர், வாட்ச்மேன் என யாருக்கும் விலக்கு கிடையாது. குற்றம் நடந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தோழி சொன்ன ரகசியத்தை மனதிலேயே பூட்டி வைத்திருந்த இன்னொரு குழந்தையை மட்டும் சட்டம் தண்டிப்பதில்லை.

பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. புகார் காதில் விழுந்ததும் முதலில் தொடங்குவது ‘விசாரணை’. குழந்தை ஹெச்.எம். அறைக்கு அழைக்கப்படுகிறது. கரஸ்பாண்டன்ட், இரண்டு மூத்த ஆசிரியர்கள், சில இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரும்கூட அங்கே இருக்கிறார்கள். நடந்ததைக் குழந்தை மறுபடி சொல்ல வேண்டும். பிறகு இன்னொரு முறை. “நல்லா யோசிச்சுச் சொல்லு, சார் அப்படிப்பட்டவர் இல்லையே” என்று ஒருவர் சொல்வார். பெற்றோரை வரவழைத்து, “பரீட்சை வருது, பொண்ணோட எதிர்காலத்தை யோசிச்சுப் பாருங்க, ஸ்கூல் பேரும் கெட்டுடும்” என்று இன்னொருவர் சொல்வார். கடைசியில் அந்த ஆசிரியர் சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகுவார். அடுத்த கல்வியாண்டில் பக்கத்து ஊரில் வேறொரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும்.

இந்த ‘விசாரணை’க்குச் சட்டத்தில் இடமே இல்லை. புகார் உண்மையா பொய்யா என்று பார்ப்பது காவல்துறையின் வேலை. முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பள்ளியின் வேலை குழந்தை சொல்வதைக் கேட்பது, உடனே தெரிவிப்பது, அதுவரையும் அதற்குப் பிறகும் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது என்று அதே 19-ஆவது பிரிவு உறுதி சொல்கிறது. அப்படியிருந்தும் புகார்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாமல் போவதுதான் பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்பில் இன்றைக்கு இருக்கும் மிகப் பெரிய ஓட்டை.

ஒரே மாவட்டம், இரண்டு பள்ளிகள்

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு பயிற்சி நடந்தது. தேசிய மாணவர் படைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பயிற்சியாளர் என்று வந்தவர் யார், அவரை அனுப்பியது யார், கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்று பள்ளி சரிபார்க்கவில்லை. மாணவிகள் இரவில் பள்ளி அரங்கிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேறு சில மாணவிகளும் தொல்லைக்கு உள்ளானார்கள். விஷயம் பள்ளிப் பொறுப்பாளர்களுக்குத் தெரியவந்தபோது, இதைப் பெரிதாக்க வேண்டாம் என்பதே மாணவிகளுக்குக் கிடைத்த பதில். பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போன பிறகுதான் வழக்குப் பதிவானது. கைதானவர்களில் பள்ளி முதல்வரும் தாளாளரும் இருந்தார்கள். தமிழக அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றையும், பல துறையினர் அடங்கிய இன்னொரு குழுவையும் அமைத்தது. தோண்டத் தோண்ட, அதே ஆட்கள் மற்றப் பள்ளிகளிலும் இப்படிப் போலி முகாம்கள் நடத்தியது வெளியே வந்தது.

ஆறு மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர்கள் மூன்று பேர் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு இழைத்த வன்கொடுமைக்காகக் கைது செய்யப்பட்டார்கள். கொடுமையின் அளவில் இது முந்தையதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் இது வெளியே வந்த விதம் வேறு. மாணவி நீண்ட நாட்களாகப் பள்ளிக்கு வராததைக் கவனித்த தலைமை ஆசிரியர் வீட்டுக்கே போய்க் காரணம் கேட்டார். தாய் விஷயத்தைச் சொன்னார். தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போனது. மூவரும் கைதாகி, பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார்கள்.

இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே சட்டம், ஒரே மாவட்ட நிர்வாகம். முதலில் விஷயம் தெரிந்தவர் என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம். ஒரு குழந்தை ஏன் வரவில்லை என்று கேட்டுப் போவது தலைமை ஆசிரியரின் அன்றாட வேலைகளில் ஒன்று. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் ‘ஆ’ என்ற எழுத்தை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளும் பள்ளிக்குத் தனியாக எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை.

தெரிவிக்காமல் இருப்பதை உச்ச நீதிமன்றமும் சிறிய தவறாகப் பார்க்கவில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர்மீது, தெரிந்தும் தகவல் தரவில்லை என்று வழக்கு இருந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி வழக்கை மீட்டது. குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியாகவே முடிகிறது என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

அறிமுகமான கை

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பையன்கள். தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களில் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர் எவருக்கும் இந்த எண்கள் அந்நியமாகத் தோன்றாது. ஆண் பிள்ளைகளைப் பற்றிய கணக்கைத்தான் வீடுகளும் பள்ளிகளும் இன்றுவரை ஏற்க மறுக்கின்றன. போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பையன், பெண் என்று பிரிப்பதில்லை.

பள்ளியில் தவறாக நடப்பவர் முதல் நாளிலேயே அப்படி நடப்பதில்லை. முதலில் தனிக் கவனம்: ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் பத்து நிமிடம் கூடுதல் பாடம், ரெக்கார்டு நோட்டை ஸ்டாஃப் ரூமில் கொண்டுவந்து தரச் சொல்வது, இரவு நேர வாட்ஸ்அப் செய்தி, பிறந்தநாளுக்கு ஒரு பரிசு. பிறகு ‘நமக்குள்ளே இருக்கட்டும்’ என்ற சிறிய ரகசியம். அதன்பின் பயம். மேல்நிலை வகுப்புகளில் செய்முறை உள்ள ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 30 செய்முறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியவை. அந்த மதிப்பெண் யார் கையில் இருக்கிறது என்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். விளையாட்டுச் சான்றிதழும் மாவட்ட அணித் தேர்வும் பி.டி. மாஸ்டரின் கையெழுத்தில் தொங்கும்போது மைதானத்திலும் இதே கதைதான். கல்வி நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ செய்யும் குற்றத்தைப் போக்சோ சட்டம் கடுங்குற்றமாகத் தனியே வகைப்படுத்தியிருப்பதற்குக் காரணம் இந்த அதிகாரம்தான். ஊடுருவும் வன்கொடுமையாக இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள் முழுவதும் சிறை அல்லது மரண தண்டனை.

‘குட் டச், பேட் டச்’ வகுப்புகள் இப்போது பரவலாக நடக்கின்றன. சென்னையில் 2004-இல் தொடங்கிய துளிர் போன்ற அமைப்புகள், இந்தப் பேச்சை எடுக்கவே பள்ளிகள் தயங்கிய காலத்தில் இந்த வேலையைத் தொடங்கின. வகுப்பு தேவைதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ‘வேண்டாம்னு கத்து’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்க வேண்டிய பெரியவருக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்காமல் விட்டால், காவல் காக்கும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் ஏற்றியதாகிவிடும்.

முதல் ஐந்து நிமிடம்

குழந்தை நேராக வந்து புகார் சொல்வது அபூர்வம். ‘வயிறு வலிக்குது, பி.டி. பீரியடுக்குப் போகல மிஸ்’ என்று வாரத்துக்கு இரண்டு முறை வரும். நன்றாகப் படித்தவள் திடீரென்று ஒரு பாடத்தில் மட்டும் தோற்பாள். பாத்ரூமுக்குப் போகவே மறுக்கும் எல்.கே.ஜி. குழந்தை வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டிருக்கும். வேனில் முன் ஸீட்டில் உட்கார ஒரு பையன் அடம்பிடித்து அழுவான். இவை எதுவுமே சான்று ஆகாது; ஒவ்வொன்றுக்கும் வேறு பத்துக் காரணம் இருக்கலாம். என்ன ஆச்சு என்று ஒருவர் தனியே, அவசரப்படாமல் கேட்பதற்கு இவை போதும்.

குழந்தை வாய் திறந்துவிட்டால், கேட்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு, செய்யக் கூடாததோ அதிகம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது. குழந்தை அதைத் தன்மேல் வந்த கோபம் என்று எடுத்துக்கொள்ளும். ‘இதை முன்னாடியே ஏன் சொல்லல’ என்ற கேள்வி வரவே கூடாது. ‘அவர் இங்கே தொட்டாரா’ என்று பதிலையே கேள்வியாக்கிக் கேட்கக் கூடாது. பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் சொல்லியாக வேண்டும். ‘நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்லை, உன்னைப் பாத்துக்கறதுக்காகச் சிலர்கிட்ட மட்டும் நான் சொல்லணும்’ என்பது போதும். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம், குழந்தை சொன்ன அதே சொற்கள். குழந்தை ‘சூச்சா பண்ற இடம்’ என்றால் தாளிலும் அப்படியே இருக்க வேண்டும். அதைத் திருத்தி உடற்கூறியல் பெயர் எழுதினால் குழந்தையின் வாக்குமூலம் பெரியவருடையதாகிவிடும். கடைசியில் கையெழுத்து. அன்றைக்கே காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. ஹெச்.எம். ஊரில் இல்லை, கரஸ்பாண்டன்ட் அனுமதி வரவில்லை என்பவை சட்டத்தின் முன் சாக்குகளே அல்ல.

தகவல் போன பிறகு குழந்தைக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகள் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அவை தெரிந்தால் காவல் நிலையம் என்றாலே வரும் பயம் பாதி குறையும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம். வாங்குபவர் கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருப்பார். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். நீதிமன்ற விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்கலாம். குழந்தையின் சாட்சியம் 30 நாளுக்குள் பதிவாக வேண்டும், வழக்கு கூடியவரை ஓராண்டில் முடிய வேண்டும் என்கிறது 35-ஆவது பிரிவு. கால வரம்புதான் நடைமுறையில் அதிகம் மீறப்படுகிறது. குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்பம் என எந்த அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் பரப்புவோரும் குற்றமே செய்கிறார்கள்.

வேலைக்குச் சேர்க்கும் முன்

2002 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளர். அவர்மீது முன்பு வேறொரு ஊரில் பல பாலியல் புகார்கள் இருந்தன. தண்டனை இல்லாததால் அந்தத் தகவல் பள்ளிக்கு வந்து சேரவில்லை. 2004-இல் வெளியான பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்தத் துண்டிப்பைத்தான் அம்பலப்படுத்தியது. 2006-இல் வந்த சட்டம், குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலை உருவாக்கியது. தண்டனை பெறாவிட்டாலும் ஆபத்தானவர் என்று முடிவானால் அதில் பெயர் ஏறும். ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர் இருப்பதும் அங்கே கட்டாயம்.

இந்தியாவில் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. அதைப் பார்க்கக் காவல்துறையால் மட்டுமே முடியும். பள்ளி பார்க்க முடியாது. தண்டனை பெற்றவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். ‘சொந்தக் காரணத்துக்காக’ விலகியவர் இருக்கமாட்டார். 2020 போக்சோ விதிகள், பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகள் வரும் எல்லா நிறுவனங்களும் ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், ஒப்பந்த ஊழியர் என ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கின்றன. கிருஷ்ணகிரி முகாம் நடந்த அதே 2024 ஆகஸ்ட்டில், மகாராஷ்டிரத்தின் பத்லாபூரில் மழலையர் வகுப்புக் குழந்தைகள் இருவரைக் கழிவறையில் துன்புறுத்தியதாகக் கைதானவர், அந்த மாதம்தான் ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நிரந்தர ஆசிரியரைப் பத்து கோணத்தில் பார்க்கும் பள்ளி, ஏஜென்சி அனுப்பும் துப்புரவு ஊழியரையும், வாரம் இருமுறை வரும் கராத்தே மாஸ்டரையும், மாற்று வேன் டிரைவரையும் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டு ‘ஏன் விலகினார்’ என்று கேட்க அரசாணை எதுவும் தேவையில்லை. கேட்கப்பட்ட பள்ளி உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் கடினமான பாதி.

தமிழ்நாட்டில் 2021 ஒரு திருப்பம். அந்த ஆண்டு மே மாதம் சென்னையின் பிரபலமான தனியார் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதத் தொடங்கியதும், வேறு பல பள்ளிகளிலிருந்தும் ஆண்டுக்கணக்காக அடங்கிக் கிடந்த புகார்கள் வெளியே வந்தன. நவம்பரில் கோவையில் பிளஸ் டூ மாணவி ஒருவரின் மரணத்தை ஒட்டி, தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத பள்ளி முதல்வர் கைதானார். ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது. ஆன்லைன் வகுப்புக்கும் விதிமுறை வந்தது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் புகாருக்கும் பயன்பட்டது. ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வைக்கப்பட்டன. தவறு செய்த ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்குவதோடு கல்விச் சான்றிதழையும் ரத்து செய்ய வழி செய்யும் அரசாணை 2012-இலேயே வந்துவிட்டது.

இந்த ஏற்பாடுகள் எவ்வளவு வேலை செய்யும் என்பது சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. பெட்டி ஹெச்.எம். அறை வாசலில் தொங்கினால் அதில் யார் சீட்டுப் போடுவார்கள்? சாவி ஒருவரிடமே இருந்தால், அவர்மீதே புகார் என்றால் என்ன ஆகும்? ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று எட்டாம் வகுப்பு மாணவிக்குத் தெரியுமா? பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் எண் அச்சிட்டிருந்தாலும் போன் இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கிருந்து பேசும்? பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் மாதக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

பாலியல் குற்றத்தோடு குழந்தைப் பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு கட்டடங்களுக்கும், 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு பேருந்துகளுக்கும் கடுமையான விதிகள் வந்தன. அடிப்பதற்குத் தடை கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் ஸ்கேலும் முட்டிக்கால் போடுவதும் பல வகுப்பறைகளில் தொடர்கின்றன. அடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பள்ளியில், பெரியவர் தன் உடம்பின்மேல் கைவைக்கலாம் என்பதைத்தான் குழந்தை முதலில் கற்றுக்கொள்கிறது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியது, சக மாணவர்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று காட்டியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறு முதல் பள்ளிகளின் சாதிப் பெயர்கள் வரை பேசியது. நாங்குநேரி மாணவருக்கும் தொல்லை முன்பே இருந்தது. பள்ளிக்குப் போகவே அவர் தயங்கியிருந்தார்.

கட்டாயமாகத் தெரிவிப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. 17 வயது மாணவியும் 18 தாண்டிய பையனும் காதலித்து ஊரைவிட்டுப் போனாலும் வழக்கு போக்சோவில்தான் முடிகிறது. இளம்பருவக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொன்னது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை. பொய்ப் புகார் பற்றிய அச்சமும் ஆசிரியர்களிடம் இருக்கிறது. வேண்டுமென்றே பொய்யாகப் புகார் தரும் பெரியவருக்கு 22-ஆவது பிரிவில் தண்டனை உண்டு, குழந்தைக்கு இல்லை. தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரைக் காப்பாற்றுவதும் ஒழுங்கான காவல் விசாரணைதான். ஹெச்.எம். அறைப் பஞ்சாயத்தில் தப்பித்தவர் ஊர்வாயிலிருந்து கடைசிவரை தப்புவதில்லை.

வழக்குப் பதிவான மறுநாள் காலையில் பள்ளிக்கு இன்னொரு வேலை தொடங்குகிறது. குழந்தைக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது பல பள்ளிகள் எடுக்கும் எளிய வழி. புகார் சொன்னவருக்குக் கிடைக்கும் தண்டனையாகவே அது முடிகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் வளாகத்தை விட்டு விலக வேண்டும், குழந்தை அதே பெஞ்சில் இருக்க முடிய வேண்டும். விடுபட்ட பாடம், தேர்வு, வருகை விழுக்காடு ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கப் பள்ளியால் முடியும். குழந்தையோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக ஓர் ஆதரவாளரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்கு அந்தக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு தரவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு அதைக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மனுவை யார் எழுதுவது, எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தெரியாது. குழந்தை முதலில் நம்பிப் பேசிய அந்த ஆசிரியர், பெற்றோரோடு ஒரு நாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் வரை போய்வந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.